புத்தகத்தில் இருந்த டோரீன்

இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்திலிருந்தே நாரிஸ் பிக்கார்டுக்கு ஒரு குணம் உண்டு. தூக்கி இறக்குகிற ஒவ்வொரு மரக்கட்டும் எங்கே போகும், யார் வீட்டுக் கூரையாகும் என்று யோசிப்பார். வாய்விட்டுக் கேட்டால், உடன் வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். "தூக்குனோமா, எறக்குனோமான்னு இருய்யா." அவரால் அப்படி இருக்க முடிந்ததில்லை.

வீட்டுக்குப் பிள்ளைகள் வந்து போகத் தொடங்கியபோதும் அதே குணம்தான். பெற்றவர்களோடு இருக்க முடியாமல் போன பிள்ளைகளுக்கு ஊர் நிர்வாகமான கவுன்சில் வளர்ப்பு வீடு தேடும். அந்த வீடுகளைப் பார்த்துப் பழக்கி, கைவசம் வைத்திருப்பவை ஏஜென்சிகள். அப்படி ஒன்றில் சேரலாம் என்று தொடங்கிவைத்தவர் அவர் மனைவி டோரீன். சொந்தப் பிள்ளை இல்லாத வீட்டில் எத்தனையோ பிள்ளைகள் சில மாதங்களோ சில வருடங்களோ இருந்துவிட்டுப் போனார்கள். இப்போது என்ன செய்கிறார்களோ என்று டோரீன் கவலைப்படுவார், நாரிஸ் யோசிப்பார்.

அப்போது அந்த ஏஜென்சி ஒரு மீன் வறுவல் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. டோரீன் இறந்தபோது, அடக்கத்துக்கு அங்கிருந்து வந்த பெண் கடைசி வரிசையில் நின்று அழுதார். அதன் பிறகு ஏஜென்சியை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. மாடி காலியானது. அழுத பெண் வேலையை விட்டுப் போனார். புதிதாக வந்தவர்கள் நாரிஸை உட்காரவைத்து நிறையக் கேள்விகள் கேட்டு, தனியாளாகவே தொடரலாம் என்றார்கள்.

அப்படி வந்தவள்தான் பத்து வயது டாம்சின். அழைத்து வந்த கவுன்சில் பெண் பின்னால் நிற்க, வாசலில் குப்பைப் பையில் துணிமணியும், கையில் சுருட்டிய புத்தகமுமாக நின்றாள்.

"அந்தம்மா எங்க?"

"எந்தம்மா, கண்ணு?"

அவள் புத்தகத்தை விரித்தாள். ஒவ்வொரு வளர்ப்பு வீட்டுக்கும் அப்படி ஒன்று உண்டு. வரப்போகிற பிள்ளை பயப்படாமல் இருக்க, வாசல் கதவு, படுக்கை, வீட்டில் இருப்பவர்கள் என்று படம் போட்டு, புறப்படும் முன் கையில் கொடுப்பார்கள். இரண்டாம் பக்கத்தில் மஞ்சள் ஏப்ரன் போட்டுக்கொண்டு, கஸ்டர்டு ஜாடியோடு டோரீன் சிரித்துக்கொண்டிருந்தார்.

கவுன்சில் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. நாரிஸ் அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"அவங்க எறந்துட்டாங்கம்மா. போன வருஷம்."

"அப்புறம் எதுக்கு புக்குல இருக்காங்க?"

"தெரியலையே" என்றார். நிஜமாகவே தெரியவில்லை.

டாம்சின் இருட்டும்வரை கோட்டைக் கழற்றவில்லை. சாப்பிடும்போதுதான் வாய் திறந்தாள். "கார்ல வர்றப்ப, அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சு வெச்சிருந்தேன்."

"என்னது?"

"உங்ககிட்ட சொல்றது இல்ல."

அது என்னவாக இருக்கும் என்று நாரிஸ் அன்றிலிருந்து யோசிக்க ஆரம்பித்தார்.

மறுநாளே ஏஜென்சிக்குப் போன் செய்தார். பழைய புத்தகத்தைத் தவறுதலாக அனுப்பிவிட்டோம், மன்னிக்கணும், மாற்றிவிடுகிறோம் என்றார்கள். சில வாரம் கழித்து மறுபடி கேட்டார். வேறொருவர் எடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். டோரீன் இறந்ததை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

ஏஜென்சியை மாற்றிவிடலாமா என்ற எண்ணம் அப்போது வந்ததுதான். ஆனால் எப்போது மாற வேண்டும் என்று ஒருவருக்கு எப்படித் தெரியும்? வளர்ப்பு வீட்டுக்காரர்கள் மாதாமாதம் கூடும் தேநீர்க் கூட்டத்தில் க்ளெனிஸைப் பிடித்தார். வேல்ஸிலிருந்து வந்து ஊரோடு ஒட்டிப்போன பெண்மணி. வாய் கொஞ்சம் நீளம்.

"நீ ரெண்டு தடவ மாறுனவளாச்சே. எப்பிடித் தெரிஞ்சுது?"

"மொத தடவ, அவங்க நம்பர் போன்ல வந்தாலே எடுக்கறதுக்கு முன்னாடி நாற்காலி தேடுவேன்யா, உக்கார. ஒருநாள் என்னையே பாத்து எனக்கே சிரிப்பு வந்துச்சு. சரி, போதும்னு கெளம்பிட்டேன்."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது வெறும் கோவம். அவங்க நல்லவங்கதான். இப்ப கடையில பாத்தா பட்டாணி டின்னுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறேன்."

நாரிஸ் சிரிக்கவில்லை. "மாறுனா புள்ளைய எடுத்துருவாங்களா?"

க்ளெனிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். "யோவ், புள்ள உன்னுதும் இல்ல, ஏஜென்சியுதும் இல்ல. கவுன்சில் சரின்னா உன்கூட வரும். வேணாம்னா வேற வீட்டுக்குப் போவும். அதுல நான் உனக்கு வாக்குக் குடுக்க முடியாது."

அதோடு நாரிஸ் அந்த எண்ணத்தை மடித்து வைத்துவிட்டார். ஒரு புத்தகத்துக்காக டாம்சினை இழப்பதா? அவளும் ஒட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் கிண்டும் கஸ்டர்டு கட்டி தட்டிப் போகும். அவள் பேசாமல் சாப்பிடுவாள். டோரீனைப் பற்றி ஓயாமல் கேட்பாள். விசில் அடிப்பாங்களா? யாரையாவது திட்டியிருக்காங்களா? உங்களை?

"என்னைத்தான் நெறைய."

"எதுக்கு?"

"கேள்வி கேட்டதுக்கு."

அடுத்த வசந்தத்தில் ஏஜென்சியிலிருந்து கீரன் என்ற பையன் கூப்பிட்டான். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று, அடுத்த வாரம் அனுப்பலாமா என்றான். நாளைக்கே குழந்தைக்குப் புத்தகம் போய்விடுமாம். படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த டாம்சின் குசுகுசுத்தாள். "எந்த புக்குனு கேளுங்க."

நாரிஸ் கேட்டார்.

"இதோ கையிலயே இருக்கு சார். மேடம் மஞ்சள் ஏப்ரன்ல சூப்பரா இருக்காங்க! பக்கத்துல இருக்காங்களா? ஒரு ஹலோ சொல்லிடறேன்."

கோபம் வருகிறதா என்று நாரிஸ் தனக்குள் தேடிப் பார்த்தார். வரவில்லை. ஏதோ ஒரு காரின் பின் இருக்கையில், செத்துப்போன டோரீனிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வரும் ஒரு சின்னக் குழந்தைதான் கண்ணுக்குத் தெரிந்தது. "இல்ல தம்பி. அந்தப் புக்கை யாருக்கும் அனுப்பாதீங்க" என்று போனை வைத்தார்.

நாரிஸ் விண்ணப்பித்த புதிய ஏஜென்சியிலிருந்து ஷாஸியா வந்தார். நாரிஸ் முதலில் கேட்டதே, "உங்க கம்பெனிய யாராவது வாங்கப் போறாங்களா?"

"தெரியாது சார். வாங்குனா எனக்கே கடைசிலதான் சொல்லுவாங்க."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. திரும்பவும் முதலிலிருந்து விசாரணை. பிறந்தது, வளர்ந்தது, அப்பா குடிப்பாரா, எல்லாம். அதை அவர் பொறுத்துக்கொண்டார். டாம்சினின் விருப்பத்தைக் கேட்க வந்த கவுன்சில் பெண் அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. அடுக்களையில், கழுவிய கோப்பையையே கழுவிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். "ரூம் மாறுமான்னு கேட்டா. மாறாதுன்னேன். நாரிஸ் மாறுவாரான்னு கேட்டா. மாட்டாருன்னேன். அப்ப என்னதான் மாறுதுன்னா. போன் நம்பர்னேன். சரி, பண்ணிக்கோங்கன்னுட்டா."

இலையுதிர் காலத்தில் கவுன்சிலும் சரி என்றது. புதுப் புத்தகத்துக்குப் படம் எடுக்க ஷாஸியா கேமராவோடு வந்தார். "வீட்ல யார் யாரு இருக்கீங்க?"

"நான், நாரிஸ், டோரீன்" என்றாள் டாம்சின்.

நாரிஸ் அவளைத் திரும்பிப் பார்த்தார். "தப்பாயிடும்மா. வர்ற புள்ள தேடும்."

"எறந்துட்டாங்கன்னு எழுதினா எதுக்குத் தேடும்? நான் எழுதறேன்." மஞ்சள் ஏப்ரன் படத்தைக் கடைசிப் பக்கத்தில் வைத்துக் கீழே எழுதினாள். இது டோரீன். இறந்துவிட்டார். இவருடைய கஸ்டர்டை இப்போது நாரிஸ் செய்கிறார். கட்டி கட்டியாக இருக்கும். பிடிக்காவிட்டால் சொல்லிவிடலாம்.

எழுதி முடித்துவிட்டு, தலை தூக்காமல் சொன்னாள். "அன்னிக்கு அவங்ககிட்ட சொல்ல நெனச்சது அதான். எனக்குக் கஸ்டர்டு பிடிக்காது."

"ஒரு வருஷமா சாப்பிட்டியே!"

"அவங்க எறந்துட்டாங்கன்னு சொன்னீங்க. அப்புறம் எப்பிடிச் சொல்றது?"

நாரிஸ் ஜன்னல் பக்கம் போய் நின்றார். ஷாஸியா கேமராவைத் துடைக்கத் தொடங்கினார்.

பனிக்காலத்தில் ஒரு சின்னப் பெண் அதே வாசலில் வந்து நின்றாள். நெஞ்சோடு அணைத்திருந்த புத்தகத்துக்கு மேலாக நாரிஸை அண்ணாந்து பார்த்தாள்.

"நெஜமாவே கட்டி இருக்குமா?"

"உள்ள வா, காட்டறேன்" என்றாள் டாம்சின்.