பழைய குப்பியில் ஊற்றிய புரதம்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. அருள்புரத்தில் ஒரு சாயப்பட்டறையின் பரிசோதனைக் கூடத்துக்கு நான் பொறுப்பாளன். வேதியியலில் முதுகலை படித்தவன். அப்போது என் மனைவிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, திருப்பூரில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது.

அவளுக்கு ரத்தம் ஊறவே இல்லை. நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொயட்டின் என்ற புரதம் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அதையே மனித மரபணுவைக் கொண்டு தயாரித்து ஊசி மருந்தாக விற்கிறார்கள். டாக்டர் அதை எழுதிக் கொடுத்தார். நாங்களே வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுபோய் நர்ஸிடம் கொடுக்க வேண்டும். சில மாதங்கள் வாங்கினோம். பிறகு அந்த விலை கொடுக்க முடியவில்லை.

என் தம்பி மகன் கோவையில் ஆராய்ச்சி மாணவன். ஊர்க் கோயில் நோம்பிக்கு வந்தவன், அதே புரதம் தங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் வருவதாகவும், கண்ணாடித் தட்டில் வளர்க்கும் செல்களுக்கு அதைக் கொடுத்துப் பார்ப்பதாகவும் பேச்சுவாக்கில் சொன்னான். அன்றிலிருந்து அவனை நச்சரித்தேன். மனிதருக்குப் போடுகிற தரத்தில் அதைச் சுத்தம் செய்வதில்லை, ஆராய்ச்சிக்கு மட்டும் என்று குப்பியிலேயே எழுதியிருக்கிறது என்று அவன் மன்றாடினான்.

"தட்டுல இருக்கறது மட்டுந்தான் செல்லா? உங்க பெரியம்மா ஒடம்புல இருக்கறது என்ன கண்ணு?" என்று கேட்டேன்.

அடுத்த வாரம் ஐஸில் வைத்து ஒரு குப்பி கொண்டுவந்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கம்பெனிச் சாயம் தீர்ந்தால், அதே நிற எண்ணுள்ள உள்ளூர்ச் சாயத்தை அந்த டிரம்மிலேயே கொட்டி வைப்போம். நிறம் ஏறிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். அதே கைப்பழக்கம்தான். குப்பியில் இருந்த வெள்ளைப் பொடியில் ஊசி போடும் நீரை விட்டேன். சாயம் கரைக்கிற மாதிரியே வேகமாகக் குலுக்கினேன். சிரிஞ்சில் உறிஞ்சி, எடுத்து வைத்திருந்த பழைய ஆஸ்பத்திரிக் குப்பிக்குள் ரப்பர் மூடி வழியாக ஏற்றினேன்.

மறுநாள் மத்தியானம் மனைவி குழாய்களோடு படுத்திருந்தாள். நர்ஸ் தென்மாவட்டத்துப் பெண். குப்பியின் பிளாஸ்டிக் மேல்மூடி எங்கே என்று கேட்டார். வழியில் கழன்றுவிட்டது என்றேன்.

"சரி, படிச்சவங்க நீங்க. பாத்துதான வாங்கியிருப்பீங்க" என்று சொல்லிக்கொண்டே மருந்தை சிரிஞ்சில் எடுத்தார். அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட, அந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொன்னார். ஜன்னல் வெளிச்சம் சிரிஞ்சின் மேல் விழுந்தது. உள்ளே பனியன் தும்பு போல மெல்லிய இழைகள் மிதந்தன. நான் குலுக்கிய குலுக்கலில் புரதம் திரிந்துபோயிருந்தது.

சொன்னால் பையன் படிப்பு போய்விடும். இந்த ஆஸ்பத்திரியும் எங்களைச் சேர்க்காது. மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்க, மூஞ்சி வெளுத்துப் போச்சு. உங்களுக்கும் ரத்தங் கம்மியாட்ட இருக்குது."

நர்ஸும் சிரித்துக்கொண்டு குழாயைக் கையில் எடுத்தார். ஊசி முனை அதைத் தொடப் போகும்போது அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"போடாதீங்க. அது மருந்து இல்லீங்க."

டாக்டர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் கண்டு, ரத்த அழுத்தம் விழுந்து, அந்தக் கட்டிலிலேயே அவள் போயிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. தம்பி மகன் தானாகவே ஆசிரியரிடம் போய் ஒப்புக்கொண்டான். கொஞ்ச காலம் அவனைக் கூடத்துக்குள் விடவில்லை. அதன்பின் நான் எதைக் கொண்டுபோனாலும் நர்ஸ் என் எதிரிலேயே திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, மனைவி பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் கேட்டாள்.

"என்னையக் காப்பாத்தோணும்னுதான் செஞ்சீங்க, தெரியுமுங்க. பையங்கிட்டக் கேட்டீங்க. என்ற ஒடம்புக்குள்ள போறதை என்ற கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?"

எனக்குத் தோன்றவே இல்லை. சாயத்தொட்டியில் இறக்கும் துணியிடம் யாரும் கேட்பதில்லை அல்லவா, அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

டாக்டர் ஓர் அறக்கட்டளை மூலம் அவ்வப்போது மருந்து வாங்கிக் கொடுத்தார். அவள் இன்னும் சில ஆண்டுகள் இருந்தாள். ஒவ்வொரு மாத்திரையையும் அவள் உள்ளங்கையில் வைத்து, அது எதற்கு என்று சொல்லி, அவள் தலையசைக்கும்வரை காத்திருப்பேன். மனைவிக்காக நான் என்ன பாடுபட்டேன் என்று உறவினர்கள் இன்றும் சொல்கிறார்கள். அப்போதெல்லாம் நான், அவளிடம் கேட்காமலே அவள் உயிரைப் பணயம் வைத்தவனாகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.