துப்பாக்கிக்குப் பூக்கட்டிப் பார்த்தது

எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் பூக்கட்டிப் பார்ப்பார்கள். அத்தைக்கு வந்த இரண்டு வரன்களில் எதை முடிப்பது, அப்பா ரங்கூன் துறைமுகத்துப் போட்டாதாங் கிட்டங்கி வேலையை விடலாமா கூடாதா, எனக்குத் தொண்டையில் அறுவை செய்யலாமா வேண்டாமா, எல்லாம் பிள்ளையார் கோயில் தட்டில்தான் தீர்மானமாயிற்று. வெள்ளைப் பூவில் ஒரு பொட்டலம், சிவப்புப் பூவில் ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி காலடியில் வைத்துப் பூசை செய்துவிட்டு, விவரம் தெரியாத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். விவரம் தெரியாத பிள்ளை என்ற அந்த உத்தியோகத்தைப் பல வருஷம் நான்தான் பார்த்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. என் ஒன்பதாவது வயதில் ஒரு துப்பாக்கிக்குப் பூ எடுத்துக் கொடுத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

துப்பாக்கி மாமாவுக்கு. அவர் அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். கல்யாணமாகி பபேடான் பேட்டையில் மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்தபோது கூடவே தம்பியையும் அழைத்து வந்துவிட்டாள். மாமாவுக்குப் படிப்பு ஏறவில்லை. கடையில் நிற்கவும் பொறுமை இல்லை. கடைசியில் லேகூ ஊருக்கும் அப்பால், யோமா மலையடியில் ஒரு தோட்டத்தைப் பிடித்து வாழையும் நிலக்கடலையும் போட்டார். மாதம் ஒருமுறை வாழைத்தாரோடு பஸ் ஏறி ரங்கூனுக்கு வருவார். அம்மா அவர் கன்னத்தைத் தடவி, "இளைச்சிட்டியேடா" என்பாள். முப்பது வயது ஆண்பிள்ளையின் கன்னத்தைத் தடவுகிறாளே என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தத் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை எப்போதும் உண்டு. கடலை முற்றும் சமயம் பார்த்துக் கூட்டமாக வந்து வயலை உழுதுவிட்டுப் போகும். தகரத்தைத் தட்டி, தீ மூட்டி, மாமா எப்படியோ சமாளித்துவந்தார். அந்த வருஷம் ஒற்றை யானை ஒன்று இறங்கியது. பக்கத்துத் தோட்டத்து பர்மாக்காரரின் குடிசையைத் தள்ளி அவரையும் அடித்துப் போட்டுவிட்டது. அவர் பிழைக்கவில்லை. சேதி கேட்டதும் அம்மா, தோட்டத்தைத் தலைமுழுகிவிட்டு வீட்டோடு வந்து சேரும்படி மாமாவிடம் ஒரு பகல் முழுக்க அழுதாள்.

"அதை விட்டுட்டு இங்க வந்து என்னாக்கா பண்ணுவேன்? என்னோடதுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றார் மாமா.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியானால் துப்பாக்கி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

ரங்கூனை ஒட்டிய மிங்கலாடோனில், வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற பர்மாக்காரர் ஒருவர் இருந்தார். அப்பாவுக்குக் கிட்டங்கி வழியாகப் பழக்கம். எல்லோரும் அவரைச் சயா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவரிடம் உரிமம் உள்ள துப்பாக்கிகள் இரண்டு இருந்தன. கண் மங்கிவிட்டதால் கொடுத்துவிடும் எண்ணத்தில் இருந்தார். பயிர்க் காவலுக்கு என்று மாமா பெயருக்கு ஒன்றை மாற்ற அனுமதி கிடைக்கும், ஒன்றே ஒன்றுதான் என்றார்கள். அந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளிடம் சொல்லக்கூடிய விதத்தில் நடந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் அவர் வீட்டுக்குப் போனோம். புடவை எடுக்கப் போவதுபோல அம்மா முன்னால் நடந்தாள். சயா தரையில் பாய் விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று ஒற்றைக்குழல் துப்பாக்கி. நடுவில் மடக்கி ஒரு தோட்டாவைப் போட வேண்டும், சுட வேண்டும், மறுபடி மடக்க வேண்டும். இன்னொன்று ரைபிள். கனமானது. ஐந்து தோட்டா உள்ளேயே இருக்கும்.

சயா வியாபாரம் பேசத் தெரியாதவர். நல்லதைச் சொன்ன வாயாலேயே கெட்டதையும் சொன்னார். பன்றி கிட்டத்தில் குறுக்கே ஓடும், அதற்கு ஒற்றைக்குழல்தான் சரி, சிதறிப் போய்ப் படும். யானைக்கு அது வெறும் சத்தம். சத்தத்துக்குப் போகிற யானையும் உண்டு, போகாத யானையும் உண்டு. ரைபிள் யானையை நிறுத்தும். ஆனால் குறி தப்பிக் காயம் மட்டும் பட்டுவிட்டால், அந்த யானை அந்தப் பக்கத்தில் ஒருவரையும் விடாது. பர்மியில் நிதானமாக இதையெல்லாம் சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தார்.

"பன்றி வாராவாரம் வரும். யானை ரெண்டு வருஷத்துக்கு ஒரு நாள் வரும். நீ எந்த நாளுக்காக வாங்குறே?"

மாமா ஒற்றைக்குழலைத் தூக்கித் தோளில் வைத்துப் பார்த்தார். அது அவருக்கு அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. ரைபிளைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாராவாரம் வர்றதுக்குத்தானே வாங்கணும், மாப்ளே" என்றார் அப்பா.

"பன்னி கடலையைத் திங்கும். யானை என் தம்பியைக் கொன்னுரும். பெரிசையே எடுக்கச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ரைபிளால் சுட்டால் யானை செத்துப்போய்விடுமா என்று சயாவிடம் கேட்டேன். சரியான இடத்தில் பட்டால் செத்துவிடும் என்றவர், தன் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஒரு விரலை வைத்துக் காட்டினார். திரும்பி வரும் பஸ் முழுக்க அந்த விரல்தான் என் கண்ணில் நின்றது. வெள்ளிக்கிழமை தவறாமல் நான் தோப்புக்கரணம் போடுகிற பிள்ளையாருக்கும் அதே இடத்தில் சந்தனம் வைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தும் வழக்கு தீரவில்லை. அம்மா சோற்றுப் பானையை ணங்கென்று வைத்தாள். அப்பா வெற்றிலை போடப் போனவர் திரும்பி வரவே நேரமாயிற்று. மாமா அவர்கள் இருவர் சொன்னதற்கும் தலையாட்டினார். கடைசியில் அம்மாதான், "நாம ஏன் மண்டையை உடைச்சுக்கணும்? பூக்கட்டிப் பார்த்திருவோம்" என்றாள். யானையைச் சுடுகிற துப்பாக்கி வாங்கலாமா என்று யானைமுகச் சாமியிடமே கேட்கப் போகிறோம் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் தோன்றியது. சாமிக்கு இது எவ்வளவு சங்கடம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். சிவப்பு வந்தால் ரைபிள், வெள்ளை வந்தால் ஒற்றைக்குழல் என்று வேண்டிக்கொண்டார்கள். பூசாரி செவ்வரளியை ஒரு வாழை இலைத் துண்டிலும் மல்லிகையை இன்னொன்றிலும் மடித்து நூல் சுற்றினார். தீபாராதனை முடிந்து தட்டை என் முன்னால் நீட்டினார்.

"கண்ணை மூடிக்கிட்டு, நல்லாக் குனிஞ்சு கும்பிட்டு எடும்மா."

நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். ஏமாற்ற வேண்டும் என்று திட்டம் போட்டுப் போகவில்லை, அதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன். குனிந்தபோது இடது பக்கம் இருந்து மல்லிகை வாசனை வந்தது. அரளியில் அப்படி வாசனை ஏது? கண்ணை மூடச் சொன்னார்களே தவிர மூக்கை மூடச் சொல்லவில்லை. என் கை ஒரு நிமிஷம் தட்டுக்கு மேலே நின்றது. அம்மா எனக்குப் பின்னால் நின்று, "என் தம்பியைக் காப்பாத்துப்பா, என் தம்பியைக் காப்பாத்துப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்த யானையின் கண்ணையும் காதையும் நினைத்துக்கொண்டு இடது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தேன்.

வெள்ளை. அப்பா முகத்தில் நிம்மதி தெரிந்தது. அம்மா பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் ரைபிளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சாமி சொன்னதற்கு மேல் பேசுகிறவள் இல்லை அவள்.

ஒற்றைக்குழல் மாமாவோடு மலையடிக்குப் போயிற்று. சயா சொன்னது சரிதான். பன்றிகள் அடங்கின. அந்தத் தடவை கடலை நன்றாக விளைந்தது. மாமா வரும்போதெல்லாம் சாமி நல்லதைத்தான் கொடுத்தது என்பார். நான் பெரிய மனுஷி மாதிரி சிரித்துக்கொள்வேன். யானையும் பிழைத்தது, மாமாவும் பிழைத்தார், இரண்டையும் செய்தது நான் என்று எனக்குள் ஒரே பெருமை.

துப்பாக்கி வாங்கிய எட்டாவது மாதம் யானை வந்தது. பொழுது விடிந்த பிறகும் வாழைத்தோப்பை விட்டுப் போகாமல் நின்றிருக்கிறது. மாமா வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டார். போகிற யானை இல்லை அது. திரும்பி நின்றது. அவர் துப்பாக்கியை மடக்கிப் பழைய தோட்டாவை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. தும்பிக்கையால் தட்டியதில் விழுந்தார். விழுந்தவரின் வலது காலை மிதித்துவிட்டு அது காட்டுக்குள் போய்விட்டது. ஊர்க்காரர்கள் உழவு இயந்திரத்தோடு கோத்த வண்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கார் பிடித்து ரங்கூன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தங்கியது. கால் தங்கவில்லை, தொடை வரைக்கும் எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் சயா பார்க்க வந்தார். நல்ல மனிதர், மனசில் பட்டதை மறைக்கத் தெரியாது. ரைபிளாக இருந்திருந்தால் கையில் இன்னும் நாலு தோட்டா இருந்திருக்கும் என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அதைத்தான் கேட்டேன், சயா. சாமி இதைக் கொடுத்துச்சு. நாம என்ன பண்ண முடியும்" என்றாள். தமிழில் ஒருமுறை சொன்னாள், பர்மியில் ஒருமுறை சொன்னாள். யாருக்காக இரண்டு முறை சொன்னாளோ தெரியாது.

பெரியவர்கள் சயாவை வழியனுப்பப் போனதும் கட்டிலருகில் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மல்லிகை வாசனை, யானையின் கண், இடது பக்கத்துப் பொட்டலம். அழுகையில் பாதி புரிந்திருக்காது. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்கப் பயந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா முழுக்கக் கேட்டார். அப்புறம் அந்தக் கையால் என் தலையைத் தடவினார்.

"அம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லிறாத, பாப்பா. என்னைக்கும் சொல்லிறாத."

நான் தலையாட்டினேன். அம்மா கை ஓங்கினால் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். அந்த நிலைமையிலும் எனக்கு அடி விழாமல் பார்த்துக்கொண்டாரே என்று அவர்மேல் உயிராகிவிட்டேன்.

மாமா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். மூன்று மாடிப் படியும் செங்குத்து, அவரால் அடிக்கடி இறங்க முடியாது. பகலெல்லாம் பால்கனியில்தான் இருப்பார். கயிற்றில் கூடையைக் கட்டிக் கீழே விட்டு, மீன்குழம்பில் அரிசிச் சேமியா போட்ட மொஹிங்கா வாங்கித் தின்பார், தெருவில் போகிற அத்தனை பேரோடும் வாய்ப் பேச்சு வைத்திருப்பார். தோட்டத்தை யாரோ எடுத்துக்கொண்டார்கள். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. வருகிறவர்கள் காலைப் பற்றிக் கேட்டால் அம்மாதான் முந்திக்கொண்டு, சாமி எடுத்துக் கொடுத்த துப்பாக்கி, அதுதான் அவன் விதி என்பாள். அதற்குப் பிறகு அவள் எதற்கும் பூக்கட்டிப் பார்க்கவில்லை. என் கல்யாணத்துக்குக்கூடப் பார்க்கவில்லை.

போன வருஷம் ஒருநாள் சமையலறையில் இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அப்பா காலமாகி ஆறு மாதம். அம்மா கையில் இருந்த கீரையைப் பார்த்தபடியே திடீரென்று கேட்டாள்.

"அன்னைக்குக் கோயில்ல உன் கை தானாத்தானே போச்சு? நீயா எதையும் எடுக்கலையே?"

இத்தனை வருஷம் அவள் அதைக் கேட்டதே இல்லை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, கை மட்டும் ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தது. 'ரைபிளையே வாங்க வைத்திருக்கலாமே, பூக்கட்டிப் பார்ப்போம் என்று சொன்னது நான்தானே' என்று அவள் எத்தனை தடவை தனக்குள் வழக்காடியிருப்பாள் என்று அந்தக் கையைப் பார்த்தபோது தெரிந்தது.

"தானாத்தாம்மா போச்சு. சாமிதான் எடுத்துச்சு" என்றேன்.

அம்மா தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மாமாவுக்குச் சோறு போடப் போனாள்.

ஆஸ்பத்திரியில் மாமா எனக்காகத்தான் அப்படிச் சொன்னார் என்று அன்று நினைத்தேன். அம்மாவுக்குச் சாய்ந்துகொள்ள அந்த ஒரு சாமிதான் இருந்தது. கால் போய் மூன்றே நாள் ஆன மனுஷன் படுத்த படுக்கையில் தன் அக்காவை நினைத்துத்தான் பேசினார் என்பது ஒன்பது வயதில் எனக்கு எட்டவில்லை.