சகலனின் ஸ்பீட்போட்

மர்சூக்கைப் பற்றி மாத்தளையில் யாரிடம் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள். என்னிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் அவனுடைய சகலன். அவன் இளைய மகளைக் கட்டிய வீட்டில் அவனுக்கு முந்தியே மூத்த மகளைக் கட்டியவன். ஒரே முற்றம், ஒரே கிணறு, நடுவில் ஒரு சுவர். அந்தத் தங்கத்தை இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற உரிமையில், கேட்காமலே சொல்கிறேன்.

என் பெயர் மக்கீன். மிளகும் கொக்கோவும் பாக்கும் ஏற்றுகிற லொறி ஒன்று வைத்திருக்கிறேன். எங்கள் மாமா புஹாரி கொங்காவெலயில் பாக்கு வியாபாரி. ஆண் பிள்ளை இல்லாததால் இரண்டு மருமகன்மாரையும் தன் வீட்டோடு வைத்துக்கொண்டார். வீட்டை நடுவில் பிரித்து ஒரு பக்கம் ஹமீமாவுக்கும் எனக்கும், மறுபக்கம் றமீஸாவுக்கும் மர்சூக்குக்கும் கொடுத்தார். மர்சூக் வருமுன் ஐந்தாறு வருடம் நான் தனிக்காட்டு ராஜாவாக இருந்தேன். கறியில் நல்ல துண்டு எனக்குத்தான் வரும். அதன் பிறகு இவன் வந்தான்.

மர்சூக் உக்குவெலைக்காரன். தகப்பன் தையல்காரர். மகனைத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்தால் இவன் துணியைத் தைக்காமல் மெஷினைக் கழற்றிவிடுவானாம். இதைக்கூட ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். நானும் சின்ன வயதில் வாப்பாவின் மணிக்கூட்டைக் கழற்றினேன். எனக்கு அடி விழுந்தது. அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. பிறகு ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் எஞ்சின் வேலை பழகி, திருகோணமலை வீதியில் சொந்தமாக ஒரு கராஜ் போட்டான். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே லொறியின் கோளாறைச் சொல்லிவிடுவான். என் லொறிக்கும் அவன்தான் வைத்தியன். என்னிடம் கூலி வாங்கமாட்டான். வாங்கியிருந்தால் குறை சொல்லவாவது வழி கிடைத்திருக்கும்.

எனக்கு அவன்மேல் பொறாமை என்று நினைப்பீர்கள். பொறாமைதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மாமா அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் ஹமீமா என் பெண்சாதி. அவள் கண்ணில் நான் இரண்டாவது ஆளாகிவிடக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அறுபதாம் ஆண்டு வாக்கில், அவன் வேலை பழகிய தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரேயடியாக இங்கிலாந்துக்குப் போய்விட்டார். லீவு நாட்களில் அவர் குளத்துக்குக் கொண்டுபோய் ஓட்டிய ஸ்பீட்போட் ஒன்று தகரக் கொட்டகையில் கிடந்தது. அதற்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. தோட்டத்து லொறியைப் பழுது பார்த்த கூலிக்குப் பதிலாக மர்சூக் அதைக் கேட்டு வாங்கினான். வீட்டுக்குக் கொண்டுவந்தது என் லொறி. அடிப்பலகை உளுத்து, எஞ்சின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. விறகுக்கு ஆகும் என்று நினைத்துத்தான் நானும் ஏற்றினேன்.

மாத்தளையில் கடல் இல்லை. காலை நனைக்க வேண்டுமென்றால் சுதுகங்கைக்குப் போக வேண்டும். கோடையில் அதுவும் கணுக்கால் அளவுதான். இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் முற்றத்தில் ஸ்பீட்போட் கட்டுகிறான் என்றால் ஊர் என்ன செய்ய வேண்டும்? சிரிக்க வேண்டும். ஊர் எப்போது சிரிக்கும் என்று நான் காத்திருந்தேன். ஊர் சிரிக்கவில்லை, கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தது.

வில்கமுவவிலிருந்து ஹல்மில்லப் பலகை வந்தது. அதைச் சுமந்ததும் என் லொறிதான். உளுத்த பலகைகளைக் கழற்றிவிட்டு மர்சூக் புதிதாக அடி போட்டான். பலகையை வளைக்க ஆவி வேண்டும் என்றான். எங்கள் வீட்டில் கல்யாணச் சோறு ஆக்குகிற பெரிய கிடாரம் ஒன்று இருந்தது. அது ஹமீமாவின் சீதனம். லொறி கழுவத் தண்ணீர் நிரப்புவதற்கு நான் ஒருமுறை கேட்டபோது, அதில் கை வைக்கக் கூடாது என்றவள் அவள். இப்போது அவளே அதை உருட்டிக்கொண்டு போய் அவன் அடுப்பில் ஏற்றினாள்.

"அது சோறாக்குற சாமான் புள்ள" என்றேன்.

"பலகைதானே அவிக்கிறாரு, பண்டி எறச்சியா அவிக்கிறாரு?" என்றாள்.

எஞ்சினுக்கு, உலக யுத்த காலத்து லொறி ஒன்றிலிருந்த எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கலேவெலயில் தேடிப் பிடித்தான். ஒன்றுக்கு இரண்டு கார்பரேட்டர் பூட்டினான். பழைய எஞ்சின் இருந்த இடம் சரியில்லை, பின்பாரம் கூடினால் போட்டின் மூக்கு வானத்தைப் பார்க்கும் என்று புதியதைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தான். தேயிலைத் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட இரும்புத் தண்டைக் கடைந்து, தண்ணீரைத் தள்ளுகிற விசிறிக்குத் தண்டாக்கினான். வளைந்து போயிருந்த வெண்கல விசிறியை நிமிர்த்தி, இன்னும் வேகம் வேண்டும் என்று அதன் இதழ்களைச் சற்றுத் திருப்பினான். மொரிஸ் காரின் கண்ணாடியை முகப்பில் வைத்தான். பலகைக்கு வார்னிஷ் மேல் வார்னிஷாகப் பூசினான். குனிந்தால் முகம் தெரிந்தது. என் முகம் அதில் நன்றாக இருக்கவில்லை.

இதில் இன்னொரு கொடுமை, எதைச் செய்தாலும் அவன் என்னைக் கேட்காமல் செய்யமாட்டான். அண்ணன் முறைக்கு என்னை நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, இந்தப் பக்கம் கொஞ்சம் பாருங்களேன். சரிதானே?"

சரியாகத்தான் இருக்கும். தப்பாக இருந்தால் மனம் குளிர்ந்து இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

எஞ்சினை முதன்முதலாக முற்றத்தில் வைத்து ஓடவிட்ட நாள் எனக்கு மறக்காது. தெருவே அதிர்ந்தது. ஹமீமா ரொட்டிக்கு மாப் பிசைந்த கையோடு ஓடி வந்தாள். காதைப் பொத்திக்கொண்டு, மாவெல்லாம் முகத்தில் ஒட்ட, சிரித்துக்கொண்டே நின்றாள். "ஷோக்கான சத்தம்!" என்றாள். என் லொறியும் தினமும் விடியற்காலையில் அதே முற்றத்தில்தான் உறுமுகிறது. அதற்காக அவள் ஒரு நாள்கூட வெளியே வந்ததில்லை. அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அந்த ரொட்டியைச் சுட்டிருக்கலாம்.

மூன்றாவது வருடத்தில் வேலை முடிந்தது. ஊரெல்லாம் காய்ந்து கிடந்த காலம். கலேவெலப் பக்கத்துத் தேவஹுவக் குளத்தில் இறக்குவதாக முடிவானது. புறப்படுமுன் மாமி நாச்சியா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக் கண்ணூறு கழிக்கப் போட்டைச் சுற்றினார். சுற்றும்போது நேராக என்னைத்தான் பார்த்தார்.

கொண்டுபோனது? சொல்லத் தேவையில்லை, என் லொறிதான். சாமானுக்கு மேல் ஹமீமாவும் றமீஸாவும் சோற்றுச் சட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வழி நெடுகச் சனம் கை காட்டியது. எல்லாம் பின்னால் இருந்த போட்டுக்கு. ஓட்டுகிறவனை எவன் பார்த்தான்?

குளக்கரையில் பாதிக் கலேவெல வந்து நின்றது. லொறியைப் பின்னால் எடுத்து, வாழைத்தண்டுகளைப் பரப்பி, கயிறு கட்டிப் போட்டை மெதுவாகத் தண்ணீருக்குள் விட்டோம். மிதந்தது. கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மர்சூக் உள்ளே ஏறி எஞ்சினில் கை வைக்கப் போனவன், அப்படியே நின்று காலுக்குக் கீழே பார்த்தான்.

தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் வந்தால் அடைக்கலாம். பலகைக்குப் பலகை எல்லா இடுக்கிலும் வந்தது. வாளி எடுப்பதற்குள் கணுக்காலுக்கு ஏறி, கயிற்றைப் பிடித்து இழுப்பதற்குள் முழங்காலுக்கு ஏறி, எஞ்சினின் பாதியை மூடி, இடுப்பளவு தண்ணீரில் மூன்று வருட வேலை மெல்லச் சேற்றில் உட்கார்ந்தது. கை தட்டியவர்கள் கையை இறக்கினார்கள். றமீஸா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பெருநாள் பிறை கண்ட மாதிரி இருந்தது. முகத்தை மட்டும் மையித்து எடுக்கிற இழவு வீட்டில் வைப்பது போல வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி அவன் தோளைத் தொட்டேன்.

"அல்லாஹ்ட நாட்டம், தம்பி. மனச விட்ராதீங்க."

அவன் அழவில்லை. கார்பரேட்டரையும் மின்சாரம் போகிற சாமான்களையும் தண்ணீருக்குள்ளேயே கழற்றித் தலைக்கு மேல் தூக்கிக் கரையில் இருந்தவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நானா, நாளைக்கு வரைக்கும் இருங்களேன். இதுகளக் காயப் போட்டு, போட்ட என்ன செய்யலாம்னு காலையில பாப்போம். தங்குறதுக்கு எங்கட சாச்சிட வீடு பக்கத்துலதானே."

"எனக்கு நாளைக்குக் கொக்கோ லோடு இருக்கே, தம்பி" என்றேன். உண்மையில் லோடு இருந்தது. பிற்பகலில்தான் இருந்தது.

ஹமீமா தங்கையோடு நிற்பதாகச் சொன்னாள். நில் என்று தாராளமாகச் சொன்னேன். அந்த வெட்கக்கேட்டைக் கடைசிவரை அவள் பார்க்கட்டும், பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் என் லொறியின் அருமை தெரியும் என்பது என் கணக்கு.

வரும் வழியில் கலேவெலத் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, போட் மூழ்கிய கதையைச் சொன்னேன். நாலந்தாவில் சொன்னேன். மாத்தளைக்கு வந்து சேர்ந்தபோது இடுப்பளவுத் தண்ணீர் ஆளுயரமாகிவிட்டிருந்தது. மாமா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்றிரவு நான் தூங்கிய தூக்கம் கல்யாணமான பிறகு தூங்கியதில்லை. அடுத்த நாள் கொக்கோ ஏற்றும்போதும் கடை கடையாகச் சொன்னேன். "பாவம், எவ்வளவு பாடுபட்டான்" என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, மாலையில் வீட்டுக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் ஹமீமாவும் றமீஸாவும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். றமீஸா தன் பக்கம் போனாள். ஹமீமா உள்ளே வந்து பையை வைத்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. சேலைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. தலைமுடி காற்றில் சிக்குப் பிடித்து ஒரு பக்கமாக நின்றது. ஆனால் அவள் முகத்தில் இழவு வீட்டுக் களை இல்லை.

"என்ன, போட்ட எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"ஓடிச்சு" என்றாள்.

"எது?"

"போட்டுதான். காலையில எல்லாருமா வாளியால தண்ணிய எறைச்சோம். திரும்ப வரும் வரும்னு பாத்துக்கிட்டு நிண்டோம். ஒரு சொட்டு வரல்ல. ராமுழுக்கத் தண்ணியில கெடந்து பலக ஊதி ஒண்டோட ஒண்டு இறுகிப் போச்சு."

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கதவே ஊதிக்கொண்டு திறக்க வராது. அந்தப் புத்தி மாத்தளையில் ஒருவனுக்கும் வரவில்லை. மூன்று வருடம் முற்றத்தில் தகரக் கூரை போட்டு ஒரு சொட்டு ஈரம் படாமல் மர்சூக் போட்டைக் காத்தான். பலகை காய்ந்து சுருங்கியது. அது கேட்டது ஒரு இரவுத் தண்ணீர்தான். இதை நான் அன்றைக்கு முற்றாகக் காதில் வாங்கவில்லை. எனக்கு முன்னால், நான் கதை சொன்ன கொங்காவெலக் கடைகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"எஞ்சின் தண்ணி குடிச்சிருந்திச்சே?"

"எண்ணெயெல்லாம் மாத்தினாரு. ரெண்டு தரம் இருமிச்சு, பிறகு புடிச்சிக்கிச்சு. தனியா ஒரு சுத்துப் போய்ட்டு வந்தாரு. பிறகு எல்லாரும் ஏறணும்னு நிண்டாங்க. ஒருத்தரையும் ஏத்தல்ல. மூத்த சகலன்தான் மொதல்ல ஏறணும், போட்டு வந்ததே அவர்ட லொறியிலதான்னு சொல்லிட்டாரு. உங்களுக்குச் சொல்லியனுப்ப வழியில்ல. ஒருவேள மனசு கேக்காம திரும்பி வருவீங்கன்னு பகல் வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு நிண்டாரு."

பாருங்கள், இதுதான் மர்சூக். மனிதனைத் திட்டுவதற்குக்கூட விடமாட்டான்.

"பிறகு?"

"பிறகு றமீஸாதான் சொன்னா, உங்கட எடத்துல என்னைய ஏத்துவோம்னு. அவ நடுவுல இருந்தா, நான் ஓரத்துல. குளத்துக்கு அந்தக் கரை வரைக்கும் போய்த் திரும்பினோம். கண்ணத் தொறக்க ஏலாத காத்து. தண்ணி மேல போற மாதிரியே இல்ல. நான் கத்தின கத்து கரைக்குக் கேட்டிச்சாம்."

"பயந்துட்டியா?"

"பயத்துல இல்ல" என்றாள்.

சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கண் இன்னும் அந்தக் குளத்திலேயே இருந்தது. கட்டிய நாளிலிருந்து அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

"நாளைக்கு விடிய லொறியக் கொண்டு வரச் சொன்னாரு, போட்ட ஏத்திக்கிட்டு வர" என்றாள். சிக்குப் பிடித்த முடியை விரலால் கோதிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல அடுத்ததையும் சொன்னாள்.

"ஒரு விதத்துல நீங்க நேத்தே வந்தது நல்லதாப் போச்சு. நீங்க நிண்டிருந்தா எனக்கு இடம் கெடச்சிருக்காது."

சண்டைக்குச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, றமீஸாவின் பக்கம் போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவுக்கும் மாமிக்கும் இரண்டு பேரும் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்கள். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, லொறிக்கு எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.