எதிர் ப்ளாக்கில் ஒரு கரடி

"கறுப்பு. பெரியது. தனியாக. குட்டி இல்லை." எதிர் ப்ளாக்கின் ஒன்பதாம் மாடியில் காயப்போட்டிருந்த ஒரு கம்பளிப் போர்வையைப் பற்றி நான் என் நோட்டுப் புத்தகத்தில் இப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏனென்றால் ஒரு சனிக்கிழமை காலை என் வீட்டு வாசலில் நின்று ஒரு போலீஸ்காரர் இதே வரியைச் சத்தமாக வாசித்தார். பக்கத்தில் என் மனைவி சாந்தி நின்றுகொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது ஆணுக்கு நேரக்கூடிய அவமானங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

காரணம் என் சம்பந்தி. மகள் மதி மூன்று வயதில் சிங்கப்பூர் வந்து, ஆங் மோ கியோவிலேயே வளர்ந்து, படிக்கக் கனடா போய், அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையனின் அப்பா பெயர் டக். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுந்த கருங்கரடிகள் மே மாதத்தில் மலைச்சரிவில் புதுப்புல் மேய இறங்கிவரும். அப்போது டக் உரிமம் வாங்கிக்கொண்டு வேட்டைக்குப் போவார். அந்த இறைச்சியை அடுத்த குளிர்காலம் வரை வைத்துச் சாப்பிடுவார்கள். இந்த வருடம் என்னையும் அழைத்துவிட்டார். மதி அவரை முதன்முதலில் சந்தித்தபோது பெருமையாகச் சொன்ன ஒரு வாக்கியம்தான் இதற்குக் காரணம் என்று நினைத்தேன்: "எங்கப்பா கரடியை வெறுங்கையால விரட்டினவரு."

அந்த வாக்கியத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான்தான். சோறு ஊட்டும்போது சொன்ன பொய். கதை முடிவதற்குள் தட்டு காலியாகிவிடும் என்பதால் வருடக்கணக்கில் சொன்னேன். பிள்ளை வளர்ந்தது, பொய்யும் கூடவே வளர்ந்தது. லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் "கதவில் சாயாதீர்கள்" போன்ற அறிவிப்புகளை எழுதிப் பிழைக்கும் ஒரு தகப்பனிடம் மகள் வெளியே சொல்லிக்கொள்ளும்படி வேறென்ன இருக்கிறது? போகவில்லை என்றால் அந்த ஒன்றும் போய்விடும். போனாலோ, மலையில் கரடி என்னைப் பார்த்த மறுநொடியே போய்விடும்.

அழைப்போடு ஒரு பார்சலும் வந்தது. உள்ளே நல்ல கனமான பைனாகுலர், கூடவே ஒரு கடிதம். குட்டியோடு திரியும் பெண்கரடியைச் சுடுவது அங்கே குற்றம். ஆனால் குட்டி புதருக்குள் கிடக்கும், மரத்தில் ஏறியிருக்கும், தாய் மட்டும் கண்ணில் படும். அதனால் ஒரு கரடியைக் கண்டால் அரை மணி நேரமாவது அதன் பின்னால் ஏதாவது வருகிறதா என்று கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். "அது உங்கள் வேலை. விடியலிலும் அந்தியிலும் பார்த்துப் பழகுங்கள். பார்த்ததைக் குறித்து வையுங்கள்" என்று டக் எழுதியிருந்தார். பழுத்த அனுபவசாலிக்குத் தரும் பொறுப்பு என்று நான் அதை எடுத்துக்கொண்டேன்.

சிங்கப்பூரில் மலைவேட்டைக்குத் தயாராவதில் சில சிக்கல்கள் உண்டு. மலை கிடையாது. நாட்டிலேயே உயரமான குன்றில் ஏறி இறங்கி, வழியில் கோப்பி குடித்துவிட்டு, இட்லி ஆறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். வசந்தமும் கிடையாது. சீனப் புத்தாண்டின்போது கடைகளில் சிவப்புத் தாளில் தொங்கும் 'வசந்தம்' என்ற சீன எழுத்தில் மட்டும் அது வந்துபோகும். துப்பாக்கியைப் பற்றி இந்த ஊரில் சத்தமாகக்கூட யோசிக்க முடியாது. ஆகவே தேக்கா சந்தையில் பத்துக் கிலோ பொன்னி அரிசி வாங்கி முதுகில் கட்டிக்கொண்டு, எங்கள் ப்ளாக்கின் பதினொரு மாடிகளையும் படியில் ஏறினேன். ஐந்தாம் மாடி ஆன்ட்டி கதவைத் திறந்து பார்த்து, "அங்கிள், லிஃப்ட் ரோசாக் ஆ?" என்று பதறினார். பழுதில்லை, கரடிக்காக என்றேன். புரிந்ததுபோல் தலையாட்டினார். அன்று மதியம் எங்கள் ப்ளாக்கில் லிஃப்ட் பழுது என்று என் அலுவலகத்துக்கே மூன்று புகார்கள் வந்தன.

சொந்த ஊரான கோத்தகிரியில் கரடியைத் தேடி யாரும் போவதில்லை. அதுவே வரும். கோயிலில் புகுந்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிக்கும், ரேஷன் கடைக் கதவை உடைக்கும். எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது அண்ணன் ஒரு பேக்கரி நடத்திவந்தார். ஒரு சாயங்காலம் நான் உள்ளே வர்க்கி அடுக்கிக்கொண்டிருந்தேன், அண்ணன் வாசலில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். தேயிலைச் செடிகளுக்கிடையிலிருந்து அது வெளியே வந்ததை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். நான் ஷட்டரை இறக்கினேன். உள்பக்கமாக. அண்ணன் வெளியே இருந்தார். அவர் ஷட்டரை இரண்டு முறை தட்டினார், மூன்றாவது முறை தட்டவில்லை. கால் மணி நேரம் நான் ஒரு மாவு மூட்டையைக் கட்டிப்பிடித்து நின்றேன். திறந்தபோது அவர் வாசலில் நின்ற பால் வேனின் கூரையில் உட்கார்ந்திருந்தார். கரடி டால்டா டின்னைத் துடைத்தாற்போல் நக்கிவிட்டுப் போயிருந்தது. அண்ணன் இறங்கிவந்து, "டீ போடுடா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால் நான் அந்த ஊரிலேயே இருந்திருப்பேனோ என்று சில சமயம் தோன்றும்.

போலீஸுக்கு வருகிறேன். வந்தது இரண்டு பேர்: ஒரு தமிழ்ப் பையன், ஒரு சீனப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும்.

"தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கு. காலையில ஒரு தடவை, ஈவினிங் ஒரு தடவை, பைனாகுலர் வச்சு எதிர் ப்ளாக்க பாக்குறீங்கன்னு."

"கரடி பாத்துப் பழகறேன்" என்றேன்.

அந்தத் தமிழ்ப் பையன் எனக்கு வழி சொன்னார். "மண்டாய்ல ஜூ இருக்கே, அங்கிள்."

என் நேர்மையை நிரூபிக்க நோட்டுப் புத்தகத்தை இரும்பு கேட் வழியாக நானே நீட்டினேன். அங்கேதான் அந்த வரியை வாசித்தார். "யாரு அங்கிள் இது?"

"போர்வை."

"'ஏழாம் மாடி. பழுப்பு. ரெண்டு குட்டியோட. விட்டுவிடு.' இது?"

"துண்டு. பக்கத்துல ரெண்டு சாக்ஸ்."

சீனப் பெண் ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டார். டவல் என்றார் இவர். அவர் பேனாவை எடுத்தார், எழுதாமல் நின்றார்.

"இருபத்தெட்டு வருஷமா எனக்கே ஒண்ணும் புரியல, தம்பி. நீங்க எப்படி ரிப்போர்ட் எழுதப்போறீங்க?" என்றாள் சாந்தி. பிறகு அவள்தான் மதியை வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே வெள்ளிக்கிழமை மாலை. ஜன்னலுக்கு வெளியே பனி மிச்சமிருந்த மலை தெரிந்தது. மதி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினாள்.

"அங்கிளுக்கு இதெல்லாம் பழக்கமா?" என்று பையன் கேட்டார்.

"எங்கப்பாவா? கரடியை வெறுங்கையால விரட்டினவரு" என்றாள் மதி, கொஞ்சமும் தயங்காமல்.

அவர் என் கைகளைப் பார்த்தார். "ஓகே அங்கிள். இனிமே மரத்தைப் பாருங்க, லா. வீட்டைப் பாக்காதீங்க."

அவர்கள் லிஃப்டில் இறங்கிப் போனார்கள். நான் கேட்டைப் பூட்டினேன். கோத்தகிரியில் ஷட்டருக்கு உள்ளே, ஆங் மோ கியோவில் கேட்டுக்கு உள்ளே. கையிலிருந்த ஃபோனில் நான் போயாக வேண்டிய மூன்றாவது ஊரின் மலை. எங்கே இருந்தாலும் நான் கம்பிக்கு உள்பக்கமே நிற்கிறேன், என்னுடையவர்கள் வெளியே இருக்கிறார்கள். மதி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நான் விரட்டல, மதி. ஷட்டரை இறக்கிட்டேன். பெரியப்பா வெளிய இருந்தாரு."

சாந்தி அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது.

"தெரியும்பா" என்றாள் மதி. "என் கல்யாணத்தன்னிக்கு டின்னர்ல பெரியப்பாவே டக் கிட்ட சொன்னாரு, விழுந்து விழுந்து சிரிச்சுட்டே. நான்தான் இங்கிலீஷ்ல சொன்னேன். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டாரு. பயப்படறவங்கதான் குட்டி இருக்கான்னு நல்லா பாப்பாங்களாம்."

முப்பத்துமூன்று வருடம் சுமந்த பாரம் பிள்ளையின் கல்யாண விருந்தில் ஒரு வேடிக்கைக் கதையாகப் பரிமாறப்பட்டிருக்கிறது, எனக்குத்தான் அந்தப் பந்தியில் இலை போடவில்லை. "டக் வேற ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதான்பா. வேட்டைக்குப் போறப்போ வண்டியில நீங்க உள்ள உக்காந்திருந்தா கதவை மட்டும் உள்ளேருந்து லாக் பண்ண வேணாம்னாரு."