நூல் அறுந்தது யார் நெஞ்சில்?

இரண்டாவது உலகப் போர் தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு மாசி மாதம், சேலத்தில் ஜில்லா விளையாட்டுப் போட்டி நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மல்லசமுத்திரத்துப் பக்கம் நூறு கெஜ ஓட்டத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு தலைக்கேறியிருந்த காலம். என்னோடு என் அக்காவின் கணவரும் வந்திருந்தார். அவர் சிலம்பம் ஆடுகிறவர். சேலத்தில் முதலாவதாக வருகிறவர்களைச் சென்னப்பட்டணத்தில் நடக்கும் மாகாணப் போட்டிக்கு அனுப்புவார்கள். பஸ்ஸில் வரும்போதே நாங்கள் இருவரும் பட்டணத்துக் கடலைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

காலையில் சிலம்பம். எதிராளி கிடையாது. ஒவ்வொருவராகத் தனியே நின்று கம்பு வீசிக் காட்ட வேண்டும். மூன்று நடுவர்கள் பார்த்து மார்க்குப் போடுவார்கள். மச்சான் இறங்கினார். சற்று நேரத்தில் கம்பு கண்ணுக்கே தெரியவில்லை, விர்ரென்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு காலை மடித்துத் தரையோடு உட்கார்ந்து, கம்பு நிற்காமலே சுழன்று எழுந்தார் பாருங்கள், மொத்தக் கூட்டமும் கூடவே எழுந்துவிட்டது. அவருக்குத்தான் முதலிடம்.

அதன் பிறகுதான் தகராறு. ஜலகண்டாபுரத்து ஆட்டக்காரருக்கு மார்க்குக் குறைத்துவிட்டார்கள் என்று அவருடன் வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். இப்படி ஆளுக்கொரு கண்ணால் பார்த்து மார்க்குப் போடுகிற ஆட்டத்தை மாகாணப் போட்டிக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்று போட்டி நடத்தியவர்களுக்குள் பேச்சுக் கிளம்பியது. ஆட்டக்காரர்களையும் கேட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஓட்டத்துல ஆரு கண்ணும் வேண்டாமுங்க, ஆரு தயவும் வேண்டாமுங்க. முன்னால வந்தவன் ஜெயிச்சவன். சிலம்பத்துல மூணு பேருக்குப் புடிச்சாத்தான் ஜெயிப்பு. அது வேடிக்கைங்க, போட்டி இல்லீங்க" என்றேன்.

கைதட்டினார்கள். சிலம்பத்தை அனுப்புவதில்லை என்று முடிவாகிவிட்டது. மச்சான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது. கம்பைத் துணியில் சுற்றிக்கொண்டே, "செரி மாப்ள, நீ போயி நல்லா ஓடு" என்றார்.

சாயங்காலம் என் ஓட்டம். எனக்கு இடப்பக்கம் கெங்கவல்லியிலிருந்து வந்த ஒருவன். துப்பாக்கி வெடித்தது. பாதி தூரம் வரை நான்தான் முன்னால். பிறகு அவன் மூச்சு என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. கூட்டத்தின் கூச்சலில் காது அடைத்துக்கொண்டது. எல்லையில் கட்டியிருந்த வெள்ளை நூல் பாய்ந்து வந்தது. நெஞ்சை முன்னே தள்ளினேன். என் மேல் எதுவும் படவில்லை. நூல் அதற்குள் அறுந்து பறந்துகொண்டிருந்தது.

எல்லையில் நின்ற நடுவர்கள் மூவரில் ஒருவர் அவன் பெயரைச் சொன்னார். மற்ற இருவரும் என் பெயரைச் சொன்னார்கள். இரண்டுக்கு ஒன்று; நான் ஜெயித்துவிட்டேன். யார் யாரோ என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மச்சான் ஓடி வந்தார். கீழே இறக்கிக் கட்டிப்பிடித்து, "மெட்ராசுக்குப் போற மாப்ள, அக்காகிட்ட மொதல்ல நாந்தான் சொல்லுவேன்" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். காலையில் நான் செய்ததெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நேராகத் தலைமை நடுவரிடம் போனேன்.

"நூலு என் நெஞ்சுல படவே இல்லீங்க. அந்தத் தம்பிதானுங்க முன்னால வந்தாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஓட்டத்துக்கு ஆரு கண்ணும் வேண்டாம்னு காலையில சொன்னது நீங்கதானுங்களே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "வேண்டியிருக்குதுங்க. சிலம்பத்தப் பத்தி நான் பேசுனது தப்புங்க" என்றேன்.

கெங்கவல்லிக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "வேகத்துல எனக்கே ஒண்ணும் தெரியலண்ணே. நீங்க சொல்லலேன்னா நான் பேசாம ஊருக்குப் போயிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

முடிவை மாற்றி அறிவித்தார்கள். பொழுது சாய்வதற்குள் போட்டி நடத்தியவர்கள் மறுபடி கூடிப் பேசினார்கள். எங்கள் ஓட்டத்துக்கே மூன்று பேர் கண் தேவைப்பட்டதைப் பார்த்த பிறகு, சிலம்பத்தை மட்டும் தள்ளிவைக்க யாருக்கும் மனம் வரவில்லை. எங்கள் இருவரில் பட்டணத்துக்குப் போனவர் மச்சான்தான். அங்கே மூன்றாவதாக வந்தார். மார்க்கில் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஊர் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டு திரிந்தவன் நான். அவரோ கடலைப் பார்த்த கதையையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிற்பாடு எத்தனையோ போட்டிகளுக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓட்டமோ சிலம்பமோ, ஒவ்வொரு முறை பென்சிலைக் கையில் எடுக்கும்போதும், என் கண்ணை நம்பி ஒருவன் உயிரைக் கொடுத்து ஆடுகிறானே என்று இன்றும் என் கை ஒரு கணம் தயங்குகிறது.