பாறணைக்கு வந்த தெஸ்பாயே

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்களைக் கடத்திவிட்டேன். நான் அதிகம் படித்தவன் அல்ல. அடுத்தவரின் துக்கத்தை எழுத எனக்கென்ன உரிமை என்ற தயக்கமும் இருந்தது. போன சஷ்டியில் கோயில் மடத்தில் ஒருவர் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்லக் கேட்டேன். இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை என்று முருகனை நினைத்து எழுதுகிறேன்.

1984ஆம் ஆண்டு. லண்டனில் ஒரு பெரிய ஹோட்டலில் எனக்குக் கிச்சன் போர்ட்டர் வேலை. சட்டிபானை கழுவ வேண்டும். விருந்து முடிந்து வரும் தட்டுகளை வழித்துக் குப்பை வாளியில் போட வேண்டும். மிச்சத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. என்னோடு சிங்கில் நின்றவர் தெஸ்பாயே, வட எதியோப்பியாக்காரர். புதனும் வெள்ளியும் இறைச்சியோ பாலோ தொடாத கிறிஸ்தவர். நானும் வெள்ளிக்கிழமை மரக்கறி. அதிலே தொடங்கியதுதான் எங்கள் சிநேகிதம்.

அந்த வருடம் அவருடைய ஊரில் மழை இல்லை, சண்டையும் நடந்தது. செப்டம்பரில் இராணுவ அரசு தலைநகரில் தன் பத்தாண்டு விழாவை வளைவுகள் கட்டிக் கொண்டாடியது. வடக்கில் சனம் சாப்பாடு தேடி நடந்துகொண்டிருந்தது. தெஸ்பாயேயின் தாய், பஞ்சத்தில் வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்த கொரெம் முகாமை நோக்கி நடந்தார் என்பதுதான் அவருக்குக் கிடைத்த கடைசிச் செய்தி.

ஒக்டோபரில் அந்த முகாமைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். துணியில் சுற்றிய உடல்கள் வரிசையாகக் கிடந்தன. தெஸ்பாயே டிவிக்குக் கிட்டப் போய் நின்று, ஒவ்வொரு கிழவியின் முகமாகப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. வெறும் தேநீர்தான்.

அது கந்தசஷ்டி நேரம். நானும் விரதம். எங்கள் சூப்பவைசர் செல்வண்ணை மானிப்பாய்க்காரர். "சாப்பாட்டுக் கடையிலை எனக்கு வாய்ச்ச ரெண்டு பேரும் பட்டினி" என்று பகிடி விட்டார். அடுத்த நாள் தெஸ்பாயே தட்டு அடுக்கோடு மயங்கி விழுந்தார். செல்வண்ணையின் பகிடி நின்றது.

"தம்பி, கொதிதண்ணிக்குள்ளை விழுந்திருந்தா ஆர் பதில் சொல்லுறது? இவர் சாப்பிடாட்டி நான் வேலையாலை நிப்பாட்டத்தான் வேணும். நீ ஒருக்காக் கதைச்சுப் பார்."

நான் கதைத்தேன். உடைந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டதை எங்கள் தமிழில் தருகிறேன்.

"நானும் விரதம்தான். ஆனா உடம்பைப் பாக்க வேணுமே?"

"உனக்கு ஏழாம் நாள் சோறு இருக்கு. எந்த நாள் எண்டு உனக்குத் தெரியும். என்ரை அம்மாவுக்குத் தெரியாது."



சூரன்போர் முடிந்த மறுநாள் காலை அவரை, விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணைக்கு விம்பிள்டனில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மனைவி சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் பரிமாறினா. அன்று புதன்கிழமை; அவருக்காக நெய் விடவில்லை. அவர் கைகட்டி இருந்தார்.

"விருந்தாளி கைவைக்காமல் நீங்கள் வாயிலை வைக்கமாட்டியள் எண்டு சொல்லுங்கோ. ஆறு நாள் பசி எண்டும் சொல்லுங்கோ" என்றா மனைவி.

சொன்னேன். தெஸ்பாயே கட்டியிருந்த கையை எடுத்தார். பிறகு சோற்றைப் பிசைந்து, உருட்டி, என் வாயருகே கொண்டுவந்தார்.

"எங்கட ஊரிலை பிரியமானவைக்கு இப்பிடித்தான் குடுப்பம்."

அவருடைய கையாலே என் விரதம் முடிந்தது.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்? இப்ப நீங்கள் குடுங்கோ" என்றா மனைவி. கொடுத்தேன். மெல்லாமல் நெடுநேரம் வாயிலே வைத்திருந்தார். பிறகு விழுங்கினார். அதன் பிறகு அழுதுகொண்டே தட்டில் இருந்த முழுவதையும் சாப்பிட்டார்.

வேலை பறிபோகவில்லை. ஆனால் அந்த வருடக் கடைசியில் அவர்களுடைய அரசு வடக்குச் சனத்தை லொறியிலும் விமானத்திலும் ஏற்றித் தெற்கே தூர இடங்களில் இறக்கியது. தாயும் அதில் போனாரா, கொரெமிலேயே மண்ணுக்குள் போனாரா என்று யாருக்கும் தெரியவில்லை. ஊரிலிருந்து சேர்ச்சுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் தெஸ்பாயே விசாரித்தார். லண்டனை விட்டுப் போகும்வரை அவருக்குப் பதில் கிடைக்கவில்லை.

முடிகிற நாள் தெரிந்தால்தான் பசி விரதம் என்பதை அந்த வேலையிடத்தில் படித்தேன். பாறணைக்கு இருக்கும்போதெல்லாம், அந்த நாள் தெரியாதவர்களுக்காக முருகனிடம் கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கைவைக்கிறேன்.

மடத்தில் கதை சொன்னவர், தெஸ்பாயே பாறணைச் சோறு சாப்பிட்ட புண்ணியத்தால் தாய் கிடைத்துவிட்டதாக முடித்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். வாசிக்கிற நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். அந்தத் தாய் கிடைக்கவில்லை.