மடுல்சீமை டவருக்கு யசோதினி போட்ட கணக்கு

கருப்பம்மாவைக் குளவி கொட்டியது ஒரு கிரிக்கெட் மேட்ச் நாளில். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் அவளோடு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பதினோரு தடவை போன் அடித்தும் லைன் கிடைக்கவில்லை. கடைசியில் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். மகள் யசோதினிக்குத்தான் மனசு ஆறவில்லை.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, கணிதத்தில் பட்டம் வாங்கிய யசோதினி, பதுளையில் ஒரு போன் கம்பனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மடுல்சீமை டவரும் அதே கம்பனியுடையதுதான்.

"டவர் நல்லாத்தானே வேலை செய்யுது சேர், ஏன் கோல் போகல?" என்று பொறியியலாளர் ஷுக்ரியிடம் கேட்டாள்.

"எல்லாரும் போன்ல மேட்ச் பார்த்திருப்பாங்க. இன்னொரு டவர் போட்டாத்தான் சரிவரும். இப்போதைக்கு நடக்காது."

யசோதினி விடவில்லை. டவரின் மூன்று மாதப் பதிவுகளை எடுத்துவைத்துக்கொண்டாள். நிமிஷத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள்? பேச்சுக்குத் துளி இடம் போதும், ஆனால் அது உடனே வேண்டும். வீடியோவுக்கு ஏகப்பட்ட இடம் வேண்டும், ஆனால் அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே கணக்கில் கோத்தாள். முதல் விடை தப்பாக வந்தது. விக்கெட் விழுந்ததும் சனம் மொத்தமாகப் பாய்ந்து வருவதை அவள் சேர்க்கவில்லை! அதையும் சேர்த்ததும் விடை பளிச்சென்று வந்தது. நூற்றில் ஏழு பங்கு இடத்தைப் பேச்சுக்கென்றே ஒதுக்கினால் போதும். மேட்ச் நேரத்தில் நூறு கோலில் எழுபத்தொன்பது தவறுவது ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும்.

"வீடியோ திக்குதுன்னு சனம் சத்தம் போட்டா?" என்றார் ஷுக்ரி.

"அரைச் செக்கன்கூடத் தாமதிக்காது சேர். ஒரே ஒரு மேட்சுக்குச் செஞ்சு பாருங்க!"

ஷுக்ரி அந்த ஏழு பங்கை ஒதுக்கிவைத்தார். அடுத்த மேட்ச் அன்று அவள் லயத்து வாசலில் போனோடு நின்றாள். விக்கெட் விழுந்ததும் உள்ளே ஒரே கூச்சல். உடனே கம்பனி நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது! மறுபடியும் அழுத்தினாள். இருபது தடவையும் லைன் கிடைத்தது. அப்போது ஷுக்ரியே கூப்பிட்டார்.

"யசோ, நூத்துக்கு 0.9 தவறும்னு சொன்னீங்க. இங்க 0.8 காட்டுது!"

அவள் போட்ட கூச்சலில் கருப்பம்மா வெளியே ஓடிவந்தாள்.

"யாருடி அவுட்டு?"

"யாரும் இல்லம்மா! என் கணக்கு சரியா வந்துருச்சு!" என்று அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள்.

மறு வாரமே பண்டாரவளைச் சந்தை டவரின் பதிவுகளை ஷுக்ரி அவள் மேசையில் வைத்தார். மரக்கறி வியாபாரிகளின் பேச்சு, பள்ளிப் பிள்ளைகளின் வீடியோ, கடைகளின் கார்ட் மெஷின் என்று மூன்றும் கலந்த சிக்கல். யசோதினி தேநீரைக்கூடத் தொடாமல் பேனாவை எடுத்தாள்.